மிதமான தோட்டாவுக்குக் குண்டும் மருந்தும்

"அண்ணா, மருந்தைக் கொஞ்சம் குறைச்சுப் போட்டா உதை குறையப் போகுது. இதுல யோசிக்க என்ன இருக்கு?"

எங்கள் துப்பாக்கி கிளப்பில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தமிழ்த் தம்பி கேட்டது இது. ரேஞ்சில் காதுக் கவசத்தை மாட்டிக்கொண்டு நிற்கும்போது பதில் சொல்லி முடிகிற கேள்வி இல்லை. யோசிக்க நிறைய இருக்கிறது. மிதமான தோட்டா என்பது பலமான தோட்டாவில் மருந்தைக் குறைத்துச் செய்வது அல்ல. அதற்கென்றே குண்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும், அந்தக் குண்டுக்கு ஏற்ற மருந்தைப் பார்க்க வேண்டும், அதன்பிறகுதான் அளவு. இந்த வரிசை மாறினால் ஒன்று குறி தவறும், இல்லையென்றால் குழல் அடைபடும், அதைவிட மோசமானதும் நடக்கும். அந்தத் தம்பிக்காகவும், இந்தப் பழக்கத்துக்குள் வர நினைக்கும் மற்றவர்களுக்காகவும் எழுதுகிறேன்.

முதலில் சட்டம். நான் எழுதுவது முழுக்க அமெரிக்க நடைமுறை. இங்கே சொந்த உபயோகத்துக்குத் தோட்டா நிரப்பிக்கொள்ள மத்திய அரசின் உரிமம் தேவையில்லை; நிரப்பி விற்கத் தொடங்கினால் உரிமம் எடுத்தாக வேண்டும். மாநிலத்துக்கு மாநிலம் விதிகள் வேறுபடும், உங்கள் ஊரில் என்ன என்று பாருங்கள். நம் ஆட்கள் பலருக்குத் தெரியாத இன்னொன்று: எச்1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி மட்டுமல்ல, தோட்டாவையும் கையில் வைத்திருக்க மத்தியச் சட்டம் பொதுவாகத் தடை விதிக்கிறது. வேட்டை உரிமம் உள்ளவர்களுக்கு என்று சில விலக்குகள் உண்டு. கிரீன் கார்டு வந்தவர்களுக்கு இந்தத் தடை இல்லை. விசா நிலையைச் சரிபார்க்காமல் தோட்டா நிரப்பும் பிரஸ் வாங்கப் போகாதீர்கள். தமிழ்நாட்டிலிருந்து படிப்பவர்களுக்கு ஒரே வரி: 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். படித்துத் தெரிந்துகொள்ளுங்கள், அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

மிதமான தோட்டா எதற்கு? நான் சுடுவது இங்கே புல்ஸ்ஐ என்று சொல்லும் போட்டி முறை. ஒரே கையை நீட்டிச் சுட வேண்டும், மறுகை தொடக்கூடாது. 50 கஜத்தில் நிதானமாகச் சுடும் பகுதி ஒன்று. 25 கஜத்தில் 20 விநாடிக்குள் ஐந்து குண்டு, பிறகு 10 விநாடிக்குள் ஐந்து குண்டு. பாயிண்ட் 22, ஏதாவது ஒரு சென்டர்ஃபயர், பாயிண்ட் 45 என்று மூன்று துப்பாக்கிகளில் தலா 90 குண்டு, மொத்தம் 270. ஒவ்வொன்றுக்கும் அதிகபட்சம் பத்து மதிப்பெண் என்பதால் போட்டிக்கே '2700' என்று பெயர். ஏரி ஈரிக் கரையில் இருக்கும் கேம்ப் பெர்ரியில் 1907 முதல் தேசியப் போட்டிகள் நடந்துவருகின்றன. காகிதத்தில் பத்தாம் வளையத்தின் குறுக்களவு 3.36 அங்குலம். பத்து விநாடியில் ஐந்து முறை அந்த வளையத்துக்குள் போட வேண்டுமென்றால், ஒவ்வொரு வெடிக்கும் பிறகு துப்பாக்கி தானாகவே பழைய இடத்துக்கு வந்து நிற்க வேண்டும். மணிக்கட்டு தூக்கியடித்தால் அடுத்த குண்டுக்கு நேரம் போதாது. காகிதத்தைத் துளைக்க ஆற்றலும் தேவையில்லை. அதனால்தான் மிதம்.

எவ்வளவு மிதம் என்பதற்கு எளிய கணக்கு ஒன்று இருக்கிறது. குண்டின் எடையை கிரெயினிலும் வேகத்தை விநாடிக்கு அடியிலும் எடுத்துப் பெருக்கிப் பாருங்கள். வழக்கமான பாயிண்ட் 45 ராணுவத் தோட்டா 230 கிரெயின் குண்டை 830 அடி வேகத்தில் தள்ளுகிறது. பெருக்கினால் 1,90,900. இலக்குப் போட்டிக்காரர் 200 கிரெயின் ஈயக்குண்டை 740 அடியில் அனுப்பினால் 1,48,000. ஏறக்குறைய கால் பங்கு குறைந்துவிட்டது. பாயிண்ட் 38 ஸ்பெஷலிலும் இதே கதைதான். 158 கிரெயின் குண்டு 850 அடியில் 1,34,300 தரும். 148 கிரெயின் குண்டு 700 அடியில் 1,03,600 தரும். மருந்து எரிந்து வெளியேறும் வாயுவும் உதையில் கொஞ்சம் சேரும் என்றாலும், கையில் உணர்வதை ஒப்பிட இந்தக் கணக்கு போதும்.

இப்போது குண்டு. இலக்குச் சுடுதலுக்கென்றே பிறந்த குண்டு ஒன்று உண்டென்றால் அது 148 கிரெயின் வாட்கட்டர்தான். பார்த்தால் குண்டு என்றே தோன்றாது. கூர்மூக்கு கிடையாது, மேலிருந்து கீழ்வரை ஒரே உருளை, தலை தட்டை. நிரப்பி முடித்தபின் தோட்டாக் கூட்டின் வாயோடு வாயாக உள்ளே அமர்ந்திருக்கும். முதன்முறை பார்ப்பவர்கள் இது குண்டில்லாத வெற்றுத் தோட்டா என்றே நினைப்பார்கள். உருண்டை மூக்குக் குண்டு காகிதத்தைக் கிழித்துக்கொண்டு போகும். ஓட்டையின் விளிம்பு பிசிறடித்து, உண்மையான அளவைவிடச் சிறியதாகத் தெரியும். வாட்கட்டர் போன இடம் காகிதம் துளைக்கும் கருவியால் வெட்டியதுபோல வட்டமாக இருக்கும். வளையக் கோட்டைத் தொட்டதா இல்லையா என்ற சந்தேகத்துக்கே இடமில்லை. கோட்டைத் தொட்டால் மேல் மதிப்பெண் என்பது விதி. அந்த ஒரு நூல் அகலத்தில் போட்டியே மாறும்.

இந்த வாட்கட்டரிலேயே அடிப்பக்கம் குழிந்த வகை ஒன்று இருக்கிறது. கையில் எடுத்துக் கவிழ்த்துப் பாருங்கள். அடியில் ஆழமான பள்ளம், சுற்றிலும் மெல்லிய ஈயப் பாவாடை. நகத்தால் அழுத்தினால் தடம் விழும் அளவுக்கு மென்மையான ஈயம், உருக்கி வார்க்காமல் அச்சில் அழுத்திச் செய்தது. வெடித்தவுடன் வாயு அந்தப் பள்ளத்துக்குள் புகுந்து பாவாடையை விரிக்கிறது. விரிந்த ஈயம் குழலின் வரிப்பள்ளங்களை இடைவெளி இல்லாமல் நிரப்பிக்கொள்கிறது. மிகக் குறைந்த அழுத்தத்திலும் வாயு தப்பாமல் குண்டு நேராகச் சுழன்று போவதன் ரகசியம் இதுதான். எடை முன்பக்கம் இருப்பதால் காற்றிலும் நிலையாகப் பறக்கிறது.

ஆனால் இதே பாவாடைதான் ஆபத்தும். வேகம் கூட்டுகிறேன் என்று மருந்தை ஏற்றினால் அந்த மெல்லிய விளிம்பு குண்டிலிருந்து பிய்ந்து குழலுக்குள்ளேயே வளையமாக ஒட்டிக்கொள்ளக்கூடும். அடுத்த குண்டு அதன்மேல் மோதினால் குழல் போய்விடும். குழிவு வாட்கட்டர் மிதத்துக்கென்றே செய்யப்பட்டது, அதைப் பலமாக அனுப்ப நினைக்கவே கூடாது. கொஞ்சம் கூடுதல் வேகம் வேண்டுமென்றால் அடி தட்டையான வாட்கட்டரோ, அரை வாட்கட்டரோ வாங்குங்கள்.

புதியவர்கள் அதிகம் தடுமாறுவது ஈயத்தின் கடினத்தில். "கடினமான குண்டு குழலில் ஈயம் ஒட்டாது" என்று கடைக்காரர்கள் சொல்வார்கள். பெட்டியின் மேலேயே கடினம் என்று பெருமையாக அச்சடித்திருக்கும். மிதமான தோட்டாவில் இது தலைகீழ். தூய ஈயத்தின் பிரினெல் கடினம் சுமார் 5. அச்சுக்கோர்க்கப் பயன்பட்ட லினோடைப் உலோகம் 22க்குப் பக்கம். அவ்வளவு கடினமான குண்டை மிதமான அழுத்தம் விரிக்க முடியாது. குண்டுக்கும் குழலுக்கும் நடுவே நூலிழை இடைவெளி இருந்தாலும் போதும், சூடான வாயு அதன் வழியே சீறி, குண்டின் ஓரத்தை உருக்கிக் குழல் சுவரில் பூசிவிடும். ஈயம் ஒட்டக்கூடாது என்று கடினமான குண்டு வாங்கியவர் ஈயம் சுரண்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். மிதமான அழுத்தத்துக்கு மென்மையான ஈயம், இதுவே சரியான பொருத்தம்.

கடினத்தைவிட அளவு முக்கியம். பாயிண்ட் 38இல் செப்பு உறையிட்ட குண்டு 0.357 அங்குலம் என்றால் ஈயக்குண்டு 0.358. பாயிண்ட் 45இல் உறைக்குண்டு 0.451, ஈயம் 0.452. அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு பெரியது. ரிவால்வர் வைத்திருப்பவர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும். உருளையில் ஒவ்வொரு அறையின் முன்வாயிலும் குண்டு வெளியேறும் ஒரு குறுகல் இருக்கிறது. துப்பாக்கி காலி என்று இரண்டு தடவை உறுதிசெய்துகொண்டு, உருளையைத் திறந்து, ஒரு குண்டை முன்பக்கமிருந்து அந்த வாயில் வைத்து பென்சிலால் தள்ளிப் பாருங்கள். லேசான அழுத்தத்தில் போனால் பொருத்தம். தானாக விழுந்தால் குண்டு சிறியது. எத்தனை நல்ல மருந்து போட்டாலும் அந்தக் குண்டு கூட்டமாக விழாது.

செப்பு உறைக்குண்டை மிதமான தோட்டாவுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன், குறிப்பாக பாயிண்ட் 38இல். உறை கடினம், குழலுக்குள் தள்ள அதிக அழுத்தம் வேண்டும். மருந்தை மிகக் குறைத்தால் குண்டு பாதி வழியில் நின்றுவிடும். நின்றது தெரியாமல் அடுத்ததைச் சுட்டால் குழல் வெடிக்கும். கையேடுகளில் உறைக்குண்டுக்குக் குறைந்தபட்ச அளவு ஈயத்தைவிட உயர்வாக இருப்பதற்கு இதுதான் காரணம். பாயிண்ட் 45இல் மட்டும் ஒரு விலக்கு உண்டு. அனுபவசாலிகள் பலர் 25 கஜத்துக்கு ஈய அரை வாட்கட்டரும் 50 கஜத்துக்கு 185 கிரெயின் உறைக்குண்டும் வைத்திருப்பார்கள். அலபாமாவின் ஜீரோ நிறுவனக் குண்டும் நோஸ்லர் குண்டும் அந்தத் தூரத்துக்குப் பேர்போனவை. அந்த 50 கஜத் தோட்டா மிதம் என்றாலும் 25 கஜத் தோட்டா அளவுக்கு மிதம் அல்ல.

ஈய அரை வாட்கட்டர் என்றதும் ஒரு வடிவத்தைச் சொல்லாமல் போக முடியாது. ஹென்ஸ்லி அண்ட் கிப்ஸ் என்ற அச்சு நிறுவனத்தின் 68ஆம் எண் அச்சு. 200 கிரெயின், நீண்ட கூம்பு மூக்கு, அதன் அடியில் கூர்மையான தோள். மூக்கு நீளமாக இருப்பதால் தானியங்கி பிஸ்டலில் சிக்காமல் ஏறும், தோள் காகிதத்தை வட்டமாக வெட்டும். இன்று பலரும் விற்கும் 200 கிரெயின் அரை வாட்கட்டர்கள் இதன் பிள்ளைகள். பாயிண்ட் 45 வைத்திருப்பவருக்கு முதல் பெட்டியாக நான் சொல்வது இதைத்தான்.

இனி மருந்து. தம்பியின் கேள்விக்கு நேரான பதில் இங்கேதான் இருக்கிறது.

பாயிண்ட் 38 ஸ்பெஷல் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில், கருமருந்துக் காலத்தின் கடைசியில் வந்தது. அதன் கூடு சுமார் 21 கிரெயின் கருமருந்து கொள்ளும் அளவுக்கு நீளமானது. இன்றைய புகையில்லா மருந்தில் மிதமான தோட்டாவுக்கு மூன்று, நான்கு கிரெயின் கணக்கில்தான் போகிறது. பெரிய அண்டாவின் அடியில் ஒரு கரண்டிச் சோறு கிடப்பதுபோல மருந்து அடியில் கிடக்கும், மேலே வெறும் இடம். இதில் இரண்டு சிக்கல்கள்.

ஒன்று, தெரியாமல் இரண்டு முறை மருந்து விழுந்தாலும் கூட்டுக்குள் இடம் இருக்கும். வழிந்து காட்டிக்கொடுக்காது. வேகமான மருந்தில் இரட்டை அளவு என்றால் ரிவால்வரின் உருளை பிளக்கும். இதில் மிகைப்படுத்தல் எதுவும் இல்லை.

இரண்டு, மருந்து கூட்டுக்குள் எங்கே கிடக்கிறது என்பதைப் பொறுத்து வேகம் மாறும். துப்பாக்கியை மேல்நோக்கிப் பிடித்திருந்து இறக்கினால் மருந்து, அதைப் பற்றவைக்கும் பிரைமரின் பக்கம் கிடக்கும். கீழ்நோக்கிப் பிடித்திருந்து ஏற்றினால் குண்டின் பக்கம் போய்விடும், வேகம் குறையும். வேகமானி வைத்திருப்பவர்கள் ரேஞ்சில் குழலை இலக்குப் பக்கமே வைத்து, இரண்டு விதமாகவும் மெதுவாகச் சாய்த்துச் சுட்டுப் பார்த்தால் எண்களிலேயே தெரியும். 50 கஜத்தில் இந்த வேறுபாடு மேல்கீழாகக் குண்டுகளைச் சிதறடிக்கும். வாட்கட்டரைக் கூட்டுக்குள் முழுக்க அமர்த்துவதில் கிடைக்கும் இன்னொரு லாபம் இது: குண்டே அந்த வெறும் இடத்தின் பெரும்பகுதியை அடைத்துக்கொள்கிறது.

ஆகவே மிதமான தோட்டாவுக்கான மருந்துக்கு இரண்டு குணம் வேண்டும். குறைந்த அழுத்தத்திலும் முழுக்க எரிய வேண்டும், அதாவது வேகமாக எரியும் இனமாக இருக்க வேண்டும். கூடவே, எடைக்கு அதிக இடம் அடைத்தால் நல்லது. இரண்டும் ஒரே மருந்தில் முழுமையாகக் கிடைப்பது அபூர்வம்.

புல்ஸ்ஐ என்ற மருந்து 1898இல் வந்தது, இன்றும் அலையன்ட் நிறுவனம் விற்கிறது. ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக இலக்குச் சுடுபவர்கள் இதை விடவில்லை. சிறுசிறு தகடுகள், அளவைக் கருவியில் பிசகாமல் விழும், மிகச் சிறிய அளவிலும் சீராக எரியும். குறைகள் இரண்டு: புகையும் கரியும் அதிகம், இடம் அடைப்பது மிகக் குறைவு. இரட்டை அளவு ஆபத்து இதில்தான் அதிகம். ஹாட்ஜ்டன் எச்பி-38, வின்செஸ்டர் 231 இரண்டும் ஒரே மருந்து, டப்பாதான் வேறு. தட்டையான மணிகள், தண்ணீர்போல ஓடி விழும், பாயிண்ட் 38க்கும் 45க்கும் பொருந்தும். புதியவர் ஒரே ஒரு டப்பா வாங்குவதென்றால் நான் கைகாட்டுவது இதை. பின்லாந்தின் விடாவூரி என்310, என்320 சுத்தமாக எரியும், விலை அதிகம். இடம் அடைப்பதில் டிரெயில் பாஸை அடிக்க ஆளில்லை. நடுவில் ஓட்டை வைத்த வட்ட வளையங்கள், இரட்டை அளவு போட்டால் பொதுவாக வழிந்து காட்டிவிடும். ஆனால் சில ஆண்டுகளாகக் கடையில் பார்ப்பதே அரிது. கிடைத்தால் அதைக் குண்டால் அழுத்தி நெருக்கக்கூடாது என்ற எச்சரிக்கையை மறக்காதீர்கள்.

மருந்தைக் குறைத்தால் போதும் என்பது ஏன் தவறு என்பதற்கு எச்110 நல்ல உதாரணம். மேக்னம் தோட்டாக்களுக்கான மெதுவான மருந்து அது. அதன் தயாரிப்பாளர்களே கொடுத்த அளவிலிருந்து 3 விழுக்காட்டுக்கு மேல் குறைக்காதீர்கள் என்கிறார்கள். குறைத்தால் சரியாகப் பற்றாது, குண்டு குழலில் நிற்கும். பலமான மருந்தைக் குறைத்து மிதமாக்க முடியாது, மிதத்துக்கான மருந்தையே வாங்க வேண்டும்.

செலவும் கையடக்கம்தான். ஒரு பவுண்டு என்பது 7,000 கிரெயின். தோட்டாவுக்கு நான்கு கிரெயின் போட்டாலும் ஒரு டப்பாவில் 1,750 தோட்டா வரும். ஒரு டப்பா மாறினால் டாலர் கணக்கில் பெரிய வேறுபாடு இல்லை. மருந்தில் சிக்கனம் பார்க்காதீர்கள், குண்டில் பாருங்கள்.

தானியங்கி பிஸ்டலில் இன்னொரு வேலை பாக்கி இருக்கிறது. பாயிண்ட் 45 அரசாங்க மாடலில் வழக்கமாக இருப்பது 16 பவுண்டு சுருள்வில். மிதமான தோட்டா அதை முழுக்கப் பின்தள்ளாமல், சுட்ட கூடு வாயிலிலேயே சிக்கிக்கொள்ளும். உடனே மருந்தைக் கூட்டக் கை போகும். கூட்டாதீர்கள், வில்லை மாற்றுங்கள். சில டாலர் விலையில் 12, 13 பவுண்டு வில் கிடைக்கும். பலமான தோட்டா சுடும்போது பழைய வில்லைத் திரும்பப் போட்டுவிடுங்கள்.

சுட்டபின் கூட்டைப் பாருங்கள், அதில் எல்லாம் எழுதியிருக்கும். கூட்டின் வெளிப்பக்கம் ஒருபுறமாகக் கரி படிந்திருந்தால் அழுத்தம் போதவில்லை, கூடு விரிந்து அறையை அடைக்கவில்லை என்று பொருள். எரியாத மருந்துத் துகள் ரிவால்வரில் கூடுகளை வெளியே தள்ளும் நட்சத்திரத் தகட்டின் அடியில் சேர்ந்தால் உருளை சுழலவே மறுக்கும். வாய் மடிப்பு தளர்வாக இருந்தாலும் மருந்து சரியாகப் பற்றாது, சில சமயம் அளவை மாற்றாமல் மடிப்பைச் சீராக்கினாலே போதும். சுடும்போது சத்தம் வழக்கத்தைவிடச் சப்பென்று கேட்டால் அங்கேயே நிறுத்துங்கள். பத்து விநாடிப் பகுதியாக இருந்தாலும், போட்டியாக இருந்தாலும் நிறுத்துங்கள். துப்பாக்கியைக் காலி செய்து, குழலில் கம்பி விட்டுப் பார்க்காமல் அடுத்த விசையை இழுக்கக்கூடாது.

தோட்டா நிரப்பும்போது நான் விட்டுக்கொடுக்காத பழக்கங்கள் சில உண்டு. மேசையில் எப்போதும் ஒரே ஒரு மருந்து டப்பாதான். பார்த்து அடையாளம் சொல்ல முடியாத பொருள் அது, பெயர் தெரியாத மருந்தை எவ்வளவு மிச்சமிருந்தாலும் பயன்படுத்துவதில்லை. மருந்து போட்ட கூடுகளை ஐம்பது குழி உள்ள பலகையில் நிறுத்தி, குண்டு வைப்பதற்கு முன் டார்ச் அடித்து ஒவ்வொன்றாகப் பார்ப்பேன். எல்லாவற்றிலும் மருந்தின் மட்டம் ஒரே உயரத்தில் தெரிய வேண்டும். ஏறிய ஒன்றோ இறங்கிய ஒன்றோ அந்த வரிசையில் கண்ணில் பட்டுவிடும். அந்த நேரத்தில் போன் எடுப்பதில்லை, டீ குடிப்பதில்லை. டீக்கு வேறு காரணமும் உண்டு: ஈயமும் பிரைமர் கரியும் கையில் ஒட்டியிருக்கும். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கழுவி, உடையை மாற்றிய பிறகுதான் குழந்தைகளைத் தூக்க வேண்டும்.

இவ்வளவு எழுதியும் எத்தனை கிரெயின் என்று ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். வேண்டுமென்றே சொல்லவில்லை. குண்டின் எடை, வடிவம், எவ்வளவு ஆழம் அமர்கிறது, எந்தக் கூடு, எந்தப் பிரைமர் என்று எது மாறினாலும் அழுத்தம் மாறும். பாயிண்ட் 38 ஸ்பெஷலின் உச்ச வரம்பு சதுர அங்குலத்துக்கு 17,000 பவுண்டு, பாயிண்ட் 45க்கு 21,000. அந்த வரம்புக்குள் நிறுத்த ஆய்வகத்தில் அளந்து போட்ட எண்கள் லைமன், ஹார்னடி, ஸ்பியர் கையேடுகளில் இருக்கின்றன, மருந்து நிறுவனங்கள் தங்கள் அட்டவணைகளை இலவசமாகவே தருகின்றன. அதில் உங்கள் குண்டுக்கு நேரே உள்ள தொடக்க அளவில் ஆரம்பியுங்கள். மிதம் வேண்டும் என்று அதற்கும் கீழே போகாதீர்கள். பிரஸ் வாங்கும் முன் கையேட்டை வாங்குங்கள். ரேஞ்சில் யார் எண் சொன்னாலும், என்னையும் சேர்த்து, அந்தப் புத்தகத்தில் பார்க்காமல் கூட்டுக்குள் மருந்து ஊற்றாதீர்கள்.